தும்மலுக்குக் காத்திருந்தவர்

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் மணியடிக்கும் பணியிலிருந்த சவரிமுத்து அவர்கள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே அவருக்குக் கதைகள் ஊறும். அவர் சொன்னதில் ஒருமை பன்மைப் பிழைகளை மட்டும் நீக்கியிருக்கிறேன். தும்மல்களின் எண்ணிக்கையில் கை வைக்கவில்லை.

நெல்லிமங்கலத்தை ஆண்ட செண்டலங்கார பூபதிக்கு யானைப் படை உண்டு, குதிரைப் படை உண்டு. தும்மினால் வாழ்த்துவதற்கென்றே ஓர் ஆளும் உண்டு. அவர் பெயர் குழந்தைவேலு. அரசர் தும்மினால், நூறாண்டு வாழ்க என்னும் பொருளில் "நூறு" என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து மறுமுறை தும்மினால் "இருநூறு". மூன்றாவதற்கு "முந்நூறு". அரசர் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் வாழ்த்து வந்து விழ வேண்டும். தும்மல் ஒன்றுக்குக் கூலி ஒரு பொன்.

வாழ்த்துவதில் அரசரும் குறைந்தவரல்லர். அவருடைய அன்னை அவரை அவ்வளவு ஒழுங்காக வளர்த்திருந்தார். எதிரே யார் தும்மினாலும் அரசரின் வாய் தானாக வாழ்த்திவிடும். பட்டத்து யானை தும்மியபோதுகூட "நூறு" என்று வாழ்த்தியவர் அவர்.

குழந்தைவேலுவின் வேலை, கேட்பவர்க்கு வாயூறும் வேலைதான். அவருக்கோ வாய் நிறையச் சோறு உண்ணவும் வழியில்லை. கவளம் உள்ளே இருக்கும்போது அரசர் தும்மிவிட்டால் என்ன செய்வது? ஆகையால் கிளி கொத்துவதுபோல் கொறித்தார். ஆற்றில் முழுகினால் காது அடைத்துக்கொள்ளும் என்று செம்பில் மொண்டு குளித்தார். ஒருக்களித்துப் படுத்தால் ஒரு காது தலையணைக்குள் போய்விடுமே என்று மல்லாந்தே உறங்கினார். தங்கை மகனின் காதுகுத்துக்கும் போகவில்லை. தம் காதை அரண்மனையில் அடகு வைத்தவர் பிறர் காதைக் குத்துவதற்கு எப்படிப் போவார்?

இந்நிலையில் புதிய வைத்தியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் கொடுத்த தூதுவளைக் கஷாயத்தில் அரசரின் மூக்கு கோடைக்காலத்து ஆற்று மணலாய்க் காய்ந்துபோயிற்று. தும்மல் நின்றது. கூலியும் நின்றது. காத்திருப்பு மட்டும் நிற்கவில்லை. குழந்தைவேலுவின் உழவு மாடுகள் இரண்டும் வட்டிக்கடைக்காரரின் தொழுவத்தில் போய் நின்றன. ஆடி பிறந்தது. விதைப்புக்குள் மாடுகள் திரும்பாவிட்டால் நிலம் தரிசுதான் என்றும், அதற்குப் பிறகு தும்மலைத்தான் குழம்பு வைக்க வேண்டும் என்றும் அவர் மனைவி அங்கம்மை சொல்லிவிட்டார்.

குழந்தைவேலு சபையேறினார். காத்திருக்கும் நேரத்திற்கும் கூலி வேண்டும் என்று விண்ணப்பித்தார்.

பொக்கிஷத் தலைவர் வேதாசலத்திற்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சும்மா இருந்ததற்கு உமக்குக் கூலியா?"

"சும்மா இருக்கிறவன் நினைத்தால் எழுந்து போகலாம், ஐயா. நான் போகலாமா?"

வேதாசலம் இடுப்பிலிருந்த பொக்கிஷச் சாவியைத் தட்டிக் காட்டினார். வாதம் யாரிடம் இருந்தாலும் சாவி அவரிடம் இருந்தது. அரசருக்கும் பொன் மிச்சமாகும் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

அப்போது அவைக்கவி ஆதிமூலம் எழுந்தார். கவிதையில் சுமார், குறும்பில் கெட்டி. மலைநாட்டு வணிகர் வரியாகக் கொடுத்தது என்று ஒரு பொட்டலத்தை வேதாசலத்திடம் நீட்டிவிட்டு, அரசரை வணங்கினார்.

"வழக்கை வளர்ப்பானேன், அரசே? எத்தனை பொன் என்று நான் கேட்கிறேன். அதன்பின் தங்கள் திருவாயிலிருந்து கடைசியாக வரும் எண்ணே தீர்ப்பு. எண் எதுவும் வராவிட்டால் ஒரு காசும் வேண்டாம்."

வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு பெரிய வேலையா என்ன? அரசர் மகிழ்ந்து வாக்களித்தார். இந்த மனிதர் யார் பக்கம் என்று குழந்தைவேலு கலங்கினார். தொழுவத்தில் நின்ற மாடுகள் அவர் மனக்கண்ணில் வாலை ஆட்டி விடைபெற்றன.

முகர்ந்து பார்க்காமல் எதையும் பொக்கிஷத்தில் சேர்க்காதவர் வேதாசலம். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இடித்த மிளகு. மூக்கை உள்ளேயே விட்டு நன்றாக இழுத்தார்.

"காத்திருந்த காலத்திற்கு எத்தனை பொன், அரசே?" என்றார் ஆதிமூலம்.

வேதாசலம் தும்மினார்.

"நூறு," என்றார் அரசர்.

சபை திகைத்தது. இது கணக்கில் சேராது என்று சொல்வதற்காக வேதாசலம் வாயைத் திறந்தார். வந்தது சொல்லன்று, மறுதும்மல்.

"இருநூறு."

அரசர் தம் வாயைத் தாமே பொத்தப் போனார். கை மீசையைத் தொடுவதற்குள் அடுத்தது வெடித்தது. "முந்நூறு" என்று விரலிடுக்கில் கசிந்தது. வேதாசலம் இரு கைகளாலும் தம் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய நின்றார். தம் ஆயுளில் அவர் பொக்கிஷத்தை அத்தனை இறுக்கமாகக் காத்ததில்லை.

அந்தக் கோலத்தைக் கண்ட அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகக் காற்றில் மிதந்த மிளகும் உள்ளே போயிற்று. கஷாயம் தோற்றது. அரசர் தும்மினார்.

"நூறு," என்றார் குழந்தைவேலு, சிந்திக்காமலே.

வேதாசலம் சட்டென்று மூக்கை விட்டார். "கேட்டீர்களா, அரசே? அவரே நூறு பொன் போதும் என்று குறைத்துக்கொண்டார்."

குழந்தைவேலு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆதிமூலமோ பணிவாகத் தலையசைத்தார்.

"நல்ல வாதம். அந்த நூறு பொன்னைக் குறித்தது என்றால், அரசருடைய தும்மல் வாழ்த்தில்லாமல் நிற்கிறது. அரசரின் ஆயுளைக் குறித்தது என்றால், பொன் முந்நூறாகவே நிற்கிறது. எது என்று பொக்கிஷத் தலைவரே சொல்லட்டும்."

அரசர் வேதாசலத்தைப் பார்த்தார். பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

"ஆயுள்தான்," என்றார் வேதாசலம்.

அரசர் மறுபடியும் சிரித்தார். இனித் தும்மினாலும் தும்மாவிட்டாலும் காத்திருப்புக்கு மாதந்தோறும் கூலி உண்டு என்று ஆணையிட்டார். குழந்தைவேலுவுக்கு ஓய்வு கிடைக்க, வெள்ளிக்கிழமைகளில் தாம் தும்முவதேயில்லை என்று தம் மூக்கைத் தொட்டுச் சத்தியமும் செய்தார். ஆதிமூலத்தின் தோளில் அரசரின் பட்டு உத்தரீயம் ஏறியது.

பொற்கிழி கைக்கு வந்த பிறகும் குழந்தைவேலு நகரவில்லை. இன்னும் என்ன என்று வேதாசலம் சலித்துக்கொண்டார்.

"அரசர் இப்போது ஒருமுறை தும்மினாரே, ஐயா. அதன் கூலி."

மாடுகளை மீட்க அன்று அவர் வட்டிக்கடைக்கு நடந்தபோது, மடியில் கனத்தது முந்நூற்றொரு பொன்.