படிவத்தின் நான்காம் கேள்வி

கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். அதில் இருக்கும் விடை அதற்கு முன்பே கதைக்குள் வந்துவிடுகிறது.

சிவகாசியில் ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கடைகளுக்குச் சரக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் மே மாதம் மட்டும் கூடுதலாக ஆள் எடுப்பார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்த பொன்மாரி அந்த மாதம் முழுக்க அங்கே அட்டை ஒட்டினாள்.

சம்பளத்தை வங்கியில்தான் போடுவோம் என்றார்கள். தன் கணக்கில் ஏறினால் ஆபத்து என்று பொன்மாரி நினைத்தாள். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு அவள் மனுப் போட இருந்தாள். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது கிடைக்காது என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். தோழி ஜெபாவிடம் போய் நின்றாள்.

“ஒன் கணக்குல வாங்கி எங்கிட்டக் குடுத்துரு.”

“கமிஷன் ஒரு டம்ளர் பருத்திப்பால். இனிப்புத் தூக்கலா” என்றாள் ஜெபா.

கம்பெனி இழுத்தடித்து ஜூலையில்தான் பணம் போட்டது. அதே ஜூலையில் ஜெபாவின் அப்பா லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதுவரை உதவித்தொகையை நினைத்தே பார்க்காத ஜெபாவும் அதே அறக்கட்டளைக்கு மனுப் போட்டாள்.

படிவத்தின் நான்காம் கேள்வி இப்படி இருந்தது: ‘கல்லூரி நடக்கும் நாட்களில் சம்பளத்துக்கு வேலை செய்தீர்களா?’ பொன்மாரியின் கண்ணில் ‘வேலை’ என்ற சொல் மட்டுமே பட்டது. ‘இல்லை’ என்று எழுதினாள். வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் பொய் என்று நினைத்து அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

நேர்காணலில் அறக்கட்டளைச் செயலாளர் ஜெபாவின் பாஸ்புக்கைப் புரட்டினார். பொன்மாரி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

“ஜூலையில சம்பளம் ஏறியிருக்கே. அப்ப காலேஜ் நடந்துச்சுல்லம்மா?”

“நடந்துச்சு சார்.”

“அப்போ வேலைக்குப் போயிருக்க?”

ஜெபா ஒரு நொடி பொன்மாரியைப் பார்த்தாள். பொன்மாரி தன் செருப்பைப் பார்த்தாள்.

“ஆமா சார்” என்றாள் ஜெபா.

அவளுடைய மனு தனியே ஒதுக்கப்பட்டது. பொன்மாரியின் மனுவில் முத்திரை விழுந்தது.

பேருந்து நிறுத்தத்தில் பொன்மாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் பேரச் சொல்லியிருக்கலாமேடி.”

“சொன்னா ஒனக்கும் போயிரும். அழுது வைக்காத, எல்லாரும் நம்மளையே பாக்காங்க. எனக்கு இன்னும் பருத்திப்பால் பாக்கி இருக்கு, தெரியும்ல?”

மறுநாள் ஜெபா கல்லூரிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமை காலை பொன்மாரி செயலாளரின் அறை வாசலில் நிற்கிறாள். உள்ளே போய்ச் சொன்னால் தன் பணம் போய்விடும், சொல்லாவிட்டால் ஜெபாவின் படிப்பு போய்விடும் என்று நினைக்கிறாள்.

இந்த இருவரில் அறக்கட்டளையிடம் பொய் சொன்னவள் யார்? பொன்மாரி உள்ளே போனால் யாருடைய உதவித்தொகை பறிபோகும்?

விடை: பொய் சொன்னவள் ஜெபா. அவள் எந்த வேலைக்கும் போனதில்லை. பொன்மாரி அட்டை ஒட்டியது மே மாத விடுமுறையில். பணம் வந்ததுதான் ஜூலை. பொய் என்று நினைத்துக்கொண்டு அவள் எழுதிய ‘இல்லை’ அச்சு அசலான உண்மை. கம்பெனியின் வருகைப் பதிவேட்டைக் காட்டினால் இருவருக்குமே பணம் கிடைக்கும், யாருக்கும் பறிபோகாது. ஆனால் பொன்மாரி குற்றமற்றவள் என்று அதற்குள் சொல்லிவிட வேண்டாம். அவளுடைய பொய் படிவத்தில் இல்லை. அது ஜெபாவின் பாஸ்புக்கில் இருக்கிறது.