விளக்கு வெச்சப்புறம் கேட்ட உப்பு

ஒரு ஊர்ல ஒரு வீடு. அதுல நாலு ரூமு, மூணுக்குப் பூட்டு. மிச்சம் இருந்த ஒண்ணுல ஒரு பொம்பள, பேரு சண்முகவடிவு. 'ம்' சொல்லு, அப்பதான் கதை வரும்.

ம்.

வடிவுக்குச் சொந்த ஊரு மேக்க, மலையடிவாரம். மகளைக் கட்டிக் குடுத்த இடம் இந்தக் கடக்கரை ஊரு. மகளும் மருமகனும் துபாய்க்குப் போறப்ப, "எம்மா, வீட்டைப் பாத்துக்கோ"ன்னு சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அவளும் பாத்தா. காலையில பாத்தா, சாயங்காலம் பாத்தா. வீடு திரும்பிப் பாக்குமா? பேச ஆளில்ல. செவுத்துப் பல்லி 'ச்சுச்சுச்சு'ன்னா, "நீயாவது பதில் சொல்றியே"ம்பா. சொல்லும்போதே கண்ணு கலங்கிரும். பாவம்லா?

ம்.

அப்போ அவளுக்கு ஒரு யோசனை. சொந்த ஊர்ல அவ பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி கலக்கி வீடு வீடாக் குடுத்தவ. சோப்பு கொண்டுபோனா கதவு திறக்கும், கதவு திறந்தா நாலு வார்த்தை வரும். "இங்கயும் கலக்குவோம்"னு டவுன்ல போயி வெள்ளையா, கொழகொழன்னு சோப்புக் கூழு வாங்கிட்டு வந்தா.

அந்தக் கூழுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிச் சோப்புங்க கோடி இருக்கும், கேட்டியா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலை, ஒரு வாலு. தலைக்குத் தண்ணின்னா உசிரு, வாலுக்குத் தண்ணின்னா பயம். அதனால எல்லாம் ஒண்ணாக் கூடி, வாலை உள்ள மறைச்சு, தலையை வெளிய நீட்டி, உருண்டையா உக்காரணும். ஆனா தலைக்கும் தலைக்கும் ஆகாது. "தள்ளிப் போ! நீ தள்ளிப் போ!" அப்போ உப்பு நடுவுல போயி, "சும்மா இருங்கட்டி"ன்னு சமாதானம் பண்ணும். அப்புறம் லேசாக் கூடிரும். இன்னுங் கொஞ்சம் உப்பு போட்டா உருண்டை நீண்டு கயிறாகும், கயிறு கயிறோட பின்னிக்கிடும், தண்ணி தேனு மாதிரி கெட்டியாயிரும். உப்பு மிஞ்சிச்சோ, பின்னல் விட்டு மறுபடி தண்ணியா ஓடிரும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க?

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

முதல் நாளு, குழாத் தண்ணியில கூழைப் போட்டு, ஊர்ல போடுற அதே ஒரு கை உப்பும் போட்டு, களக் களக்னு கலக்கினா. கெட்டியாகல. பாட்டில்ல ஊத்தி ஆட்டினா, சளக் சளக். இதை எந்த மூஞ்சிய வெச்சிட்டுக் கொண்டுபோவா?

"உப்பு பத்தல போல"ன்னு மறுநாளு வீட்ல இருந்த உப்பு பூராத்தையும் கொட்டினா. திரிஞ்ச பாலு மாதிரி ஆயிட்டு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

மூணாவது நாளு மிச்சக் கூழைக் கரைச்சா. இதுவும் போச்சுன்னா ஒரு வாசல் ஏறவும் அவளுக்குச் சாக்கு கிடையாது. உப்பு டப்பாவைத் திறந்தா, காலி. வெளிய பாத்தா, இருட்டப் போவுது. முதல் தடவையா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினா. டொக் டொக்.

"யாரு?"

"பக்கத்து வீடு. ஒரு கை உப்பு கிடைக்குமா?"

"விளக்கு வெச்சாச்சு. இப்ப உப்பு குடுத்தா லச்சுமி போயிருவா."

டொப். கதவு சாத்தியாச்சு.

வடிவு வந்து வாளிக்கு முன்னால உக்காந்தா. கை சும்மா இருக்கல, குச்சியால கலக்கிக்கிட்டே ஓன்னு அழுதா. அப்போ பாத்தா, குச்சி நகரல. வாளியில சோப்பு தேனு மாதிரி, மெதுவா, கொழ... கொழ...

அழுத கண்ணீரு உப்பு விழுந்ததாலயா?

போடி கள்ளி. ஒரு வாளிக்கு அழணும்னா ஊரே உக்காந்து அழணும். கேளு.

விடிஞ்சதும் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்னா. பேரு சுயம்புக்கனி. கையில தேங்காச் சிரட்டை நிறைய உப்பு.

"ராத்திரி தூக்கமே வரலக்கா. கேட்டு வந்தவள வெறுங்கையா அனுப்பிட்டேனே. எதுக்கு உப்பு?"

"சோப்புக்கு. ஆனா போடாமலே கெட்டியாயிட்டும்மா. அதான் புரியல."

கனி வாளியப் பாத்தா, குழாயப் பாத்தா, சிரிச்சா. "எங்க ஊரு குழாத் தண்ணியே உப்புல்லாக்கா! பக்கத்துல உப்பளம். வாயில வெச்சுப் பாக்கலியா?"

எப்படி வெப்பா? குடிக்க, சமைக்க, எல்லாத்துக்கும் கேன் தண்ணி. குழாத் தண்ணியில இருந்த உப்பு மேல இவ வேற உப்பு போட்டுத்தான் முதல் ரெண்டு நாளும் மிஞ்சிப் போச்சு. இந்தத் தண்ணி உப்புன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல, இத்தனை மாசத்துல ஒரு ஆளு இல்ல.

கனி உப்புச் சிரட்டையக் கீழ வெக்கப் போனா. "கையில குடுக்கக் கூடாதுக்கா. உப்பைக் கையில வாங்கினா ரெண்டு பேருக்கும் சண்டை வரும்பாங்க."

வடிவு ரெண்டு கையையும் நீட்டினா.

"கையிலயே குடு தாயி. சண்டை போடவாவது எனக்கு ஒரு ஆளு வேணும்."

...

'ம்'முன்னு சொல்லக் காணோம். சரி, கதை அவ்வளவுதான், கண்ணு தூங்கட்டும்.