குட்டை ஆன்டெனா

"கரையில இருக்கிறவனுக்கெல்லாம் காது செவிடு, டீச்சர்! என் ஆன்டெனாவுல ஒரு குறையும் கிடையாது!"

எட்வின் லேப்டாப்பை மேசையில் வைத்த வேகத்தில் ஜெசிந்தாவின் டீ கொட்டியது.

அவர் ரிட்டையர்டு இன்ஜினீயர். அவளிடம் ரேடியோ படிக்க வந்தவர். ஜெசிந்தாவுக்கு அவருடைய மகள் வயதுதான். அதுவே அவருக்குப் பாதி எரிச்சல்.

மீன்பிடி படகில் நெட்டை ஆன்டெனா நிற்காது. அதைக் குட்டையாக்கி, குறைந்த நீளத்துக்கு ஈடாக நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மேல் செம்புக் கம்பியைச் சுருளாக, அதாவது காயிலாக, சுற்றியிருந்தார். கம்ப்யூட்டரில் கணக்கும் போட்டுப் பார்த்திருந்தார். கொடுக்கிற சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ரேடியோ அலையாக வெளியே போகும் என்றது.

நேற்று முப்பதாவது மைலிலிருந்து படகு கூப்பிட்டது. கரையில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இன்று பன்னிரண்டு மணிக்கு அதே படகு நான்கு நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறது. அவர் மருமகன் ரீகனும் அதில் போகிறான். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆளைக் கூப்பிட அந்த ஆன்டெனாவை விட்டால் வேறு நாதியில்லை.

"காயிலுக்கு ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு போட்டீங்க?"

"அது சில்லறை விஷயம். கட்டத்தைக் காலியா விட்டேன். கம்ப்யூட்டரே சைபர்னு எடுத்துக்கிச்சு."

"அதுவா எடுத்துக்கிச்சா?"

"முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் எனக்கு. எனக்கே பாடமா?"

ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்தது. விறுவிறுவென்று முற்றத்துக்குப் போனாள்; அவரும் பின்னாலேயே வந்தார். படகில் இருப்பதற்கு ஜோடியாக அவர் செய்த இன்னொரு ஆன்டெனா அங்கே நின்றது. ரேடியோவை அதில் மாட்டி, ஐந்து நிமிடம் விடாமல் சிக்னல் அனுப்பினாள்.

காயிலுக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாய் நாற ஆரம்பித்தது. ரேடியோவை அணைத்தாள்.

"காயிலைப் பிடிங்க, சார்."

பிடித்தார். "ஐயோ!" என்று கையை உதறினார்.

"ஏன் விட்டீங்க? உங்க கணக்குல சக்தியெல்லாம் அலையா வெளியே போகுது, காயில்ல சூடா வீணாகாதே. பிடிங்க!"

"என்ன திமிரு உனக்கு!"

"பிடிங்கன்னு சொல்றேன்ல!"

எட்வின் கொப்பளிக்கத் தொடங்கிய உள்ளங்கையைப் பார்த்தார். காயிலைப் பார்த்தார். இன்னொரு தடவை உள்ளங்கையைப் பார்த்தார்.

ஜெசிந்தா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "கையைக் காட்டுங்க."

"கை கிடக்கட்டும். மணி என்ன?"

"பதினொன்னே முக்கால்."

செருப்புகூட மாட்டாமல் துறைமுகத்தைப் பார்த்து ஓடினார்.