ஒரு சொட்டும் வீணாகாத பீர்

மந்தப்பாக்கத்து ஆட்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

புதுச்சேரியில் பீர் காய்ச்சி விற்கும் அந்துவான் முதலாளி அன்றைக்கு ஒரு பீப்பாயையே சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே இருந்தது, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் காயவிடாமல், பறித்த பச்சையோடு போட்டு வருஷத்தில் ஒரே தடவை காய்ச்சுகிற பீர். இருந்ததோ ஒரே பீப்பாய். மத்தியானம் பெரிய ஹோட்டல்காரர் வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் கடைக்குப் பூட்டுதான். வழக்கமாக ருசி பார்க்கிறவருக்கு மூக்கடைப்பு.

வேறு வழியில்லாமல், மூட்டை தூக்க வந்திருந்த மந்தப்பாக்கத்து அண்ணன் தம்பி மூவரையும் கூப்பிட்டார்.

"பீப்பாய் முழுக்க ஒரே ருசியா இருக்கான்னு பாருங்கப்பா. வாயில வச்சுக் கொப்பளிச்சு, இந்தக் கிண்ணத்துல துப்பிடணும். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. ஒரு சொட்டு வீணாகவும் கூடாது!" என்று சொல்லிவிட்டு ஹோட்டல்காரரை அழைத்துவரப் போனார்.

மூத்தவன் கலியன் ஒரு வாய் வைத்தான், துப்பினான். "கசக்குது. நல்லாத்தான் இருக்கு."

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். முடிஞ்சுபோச்சு, வாங்க" என்றான் இரண்டாமவன் எத்திராசு.

"அது சோத்துக்குடா. பீருக்கு அப்படி யாராவது சொல்லியிருக்காங்களா?" என்றான் கலியன்.

இல்லைதான். ஆகவே முழுப் பீப்பாயையும் ருசி பார்ப்பதென்று முடிவாயிற்று.

பத்து நிமிஷத்தில் கிண்ணம் நிறைந்தது.

"கொட்டிடலாமா?" என்றான் சின்னவன் தணிகாசலம்.

"அடப்பாவி! வீணாக்கக் கூடாதுன்னாரே!"

"அப்போ குடிச்சிடலாமா?"

"உள்ள போகக் கூடாதுன்னாரே!"

மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் எத்திராசுவுக்குத்தான் மூளை வேலை செய்தது. கிண்ணத்தைத் தூக்கி, பீப்பாய்க்குள்ளேயே ஊற்றிவிட்டான்.

அப்புறம் பாருங்கள், வேலை ஜோராக நடந்தது. ருசி பார்ப்பது, துப்புவது, ஊற்றுவது. மத்தியானம்வரை பீப்பாய் ஒரு விரல்கூடக் குறையவில்லை. பாவம், மூன்று பேருக்கும் நாக்கு மரத்துப்போயிற்று.

ஹோட்டல்காரரோடு திரும்பிய முதலாளி, நிறைந்திருந்த பீப்பாயைப் பார்த்தார். பயல்கள் தொடவே இல்லை என்று நினைத்து, தானே ஒரு கிளாஸ் பிடித்து நீட்டினார்.

ஹோட்டல்காரர் ஒரே மடக்கில் குடித்தார். கண்ணை மூடினார்.

"பிரமாதம்! மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன். ஆமா, கடைசியில லேசா வெத்தலை மணம் வருதே, அதுவும் அந்தப் பூதானா?"

"பூ இல்லீங்க, நான்" என்று கலியன் வெட்கத்தோடு முன்னால் வந்தான்.

முதலாளி பீப்பாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னுது தெரியலையா சார்? காலையில பூண்டு ஊறுகாயோட சாப்பிட்டு வந்தேனே! இன்னொரு வாய் வச்சுப் பாருங்க. இந்தத் தடவையாவது விழுங்கிடாதீங்க!"