ஒட்டகத்தார் சந்துக்கு வழி

இந்தக் கதையில் தலை நரைத்தவர் சீடர். குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதனால் குரு சீடரை "சார்" என்பாள், சீடர் குருவை "மேடம்" என்பார். திண்டுக்கல்லில் அந்தச் சின்ன ஆபீசில் எல்லாருக்கும் இது பழகிப்போயிருந்தது.

குருவின் பெயர் தில்ஷாத், அவருக்கு வேலை பழக்குகிறவள். சீடர் அருளப்பன், வெகுகாலம் டுடோரியலில் பௌதிகம் நடத்தியவர். எந்தப் பையன் எதைக் கேட்டாலும் சரி, கேள்வி முடியுமுன் பதில் வந்து விழும். தெரிந்ததற்கும் விழும், தெரியாததற்கும் விழும். டுடோரியலை இழுத்து மூடிய பிறகு மனுஷர் சளைக்காமல் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். தற்காலிக வேலைதான். நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அந்த வாரம் தெரிந்துவிடும். மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்குக் கொடுத்திருந்த வேலை ஒரு பொய்த் தராசு செய்வது. திருட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்காக அந்த ஆபீஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தது. குழந்தையை எடை போடும் தராசை யூ.எஸ்.பி. கம்பியில் மாட்டினால் எடை தானாகவே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அதைச் சோதித்துப் பார்க்கத் தராசு வேண்டுமே! கொஞ்ச நாள் இரவல் கொடு என்றால் எந்த நர்ஸ் கொடுப்பாள்? அங்கே குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே தராசு மாதிரியே நடிக்கும் ஒரு புரோகிராம். கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி "எடை என்ன, எடை என்ன" என்று கேட்கும். இது பதில் சொல்ல வேண்டும். கேட்டால் மட்டுமே வாயைத் திறக்க வேண்டும். யூ.எஸ்.பி. உலகத்தில் அப்படித்தான் வழக்கம்.

நடிப்பெல்லாம் பிரமாதமாக இருந்தது. குழந்தை கையைக் காலை உதைக்கும், அதுவரை எடை நிலைக்காது, அப்புறம் அடங்கும், எல்லாவற்றையும் எழுதியிருந்தார். ஆனால் டெஸ்ட் ஓட்டினால் சில குழந்தைகளின் எடை பூஜ்யம் என்று வந்தது.

"பூஜ்யம் கிலோவில் ஒரு குழந்தையா, சார்?" என்றாள் தில்ஷாத்.

அருளப்பன் அசடு வழிந்தார். உட்கார்ந்து திருத்தினார். பூஜ்யம் போயிற்று. ஆனால் முந்தின குழந்தையின் எடை அடுத்த குழந்தைக்கும் வந்து உட்கார்ந்தது. அதையும் திருத்தினார். இப்போது உதைக்கிற குழந்தைகள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் மூன்று கிலோ. பொதுவாகக் குழந்தைகள் அவ்வளவு இருக்கும்தானே என்று விளக்கம் வேறு கொடுத்தார். தில்ஷாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர் கேட்ட ஒரு கேள்வியைக்கூட இது விடலை, மேடம். எல்லாத்துக்கும் பதில் சொல்லுது. அப்புறம் ஏன் தோக்குது?"

தில்ஷாத் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"சார், ஒட்டகத்தார் சந்துக்கு எப்படிப் போகணும்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. பழைய அச்சாபீஸ் தாண்டி இடது பக்கம்."

"வாங்க, போயிட்டு வந்துடலாம்."

அருளப்பன் பின்னால் ஏறிக்கொண்டார். அச்சாபீஸ் தாண்டி இடது பக்கம் திரும்பினால் ஒரு சுவர்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னே என்றார். அங்கே ஒரு மாவு மில். முன்பெல்லாம் வழி இப்படித்தான் இருந்தது, அடைத்துவிட்டார்கள் போல என்றார். சர்பத் கடைக்காரரை விசாரித்தார்கள். அவர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே, தெரியலைங்களே என்று சொல்லிவிட்டு அடுத்த பழத்தை எடுத்தார். இந்த ஊரிலேயே கடை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா என்று அருளப்பனுக்கு ஆச்சரியம். அடுத்த திருப்பம்தான் மேடம், நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்.

தில்ஷாத் வண்டியை ஓரம் கட்டினாள்.

"அப்படி ஒரு சந்தே இல்லை, சார். காலையில பல் தேய்க்கும்போது நான் வெச்ச பேரு."

அருளப்பனுக்குக் காதெல்லாம் சுட்டது. இல்லாத ஊருக்கு வழி சொன்னதுகூடப் பெரிசில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தோமே என்று இருந்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சர்பத் கடை வாசலில் இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தார்கள். சர்பத்தும் குடித்தார்கள்.

திரும்பி வரும் வழியில் மனுஷருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. யூ.எஸ்.பி. விதிகளில் ஒரு பதில் உண்டு. "இப்போது சொல்ல ஒன்றுமில்லை, மறுபடி கேள்." இப்படிச் சொன்னால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது, மறுபடி கேட்கும். படித்தபோது அவர் அதை ஒரு பதிலாகவே மதிக்கவில்லை.

உட்கார்ந்தார். பூஜ்யம், முந்தின எடை, மூன்று கிலோ என்று எழுதிய எல்லாவற்றையும் வழித்துப் போட்டார். குழந்தை உதைக்கிற வரைக்கும் அந்த ஒரு பதிலை மட்டும் வைத்தார். டெஸ்ட் ஓடியது. கம்ப்யூட்டர் கேட்டது, இப்போது சொல்ல ஒன்றுமில்லை என்றது தராசு. மறுபடி கேட்டது, மறுபடியும் ஒன்றுமில்லை என்றது. குழந்தை அடங்கியது. இரண்டு கிலோ எண்ணூறு. அடுத்த குழந்தைக்கு அதனுடைய எடை. எல்லா டெஸ்டும் சரி என்று பச்சையாக வந்தன.

வெள்ளிக்கிழமை காலை அருளப்பன் துணிந்து கேட்டுவிட்டார்.

"மேடம், என் வேலை நிரந்தரம்தானே?"

"தெரியலை, சார். அப்புறம் கேளுங்க."

டிபன் டப்பாவைத் திறந்தார், மூடினார். மத்தியானம் போய்க் கேட்டார். இன்னும் தெரியாது என்றாள். அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது. சாயங்காலம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"ஆமா, சார். நிரந்தரம். இப்பத்தான் முதலாளி சொன்னார்."

அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு பொய்க் கோபத்தோடு கேட்டார்.

"காலையிலேயே, கண்டிப்பா கிடைச்சிடும் சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்தான். அப்படிச் சொல்லியிருந்தா, இப்ப நான் சொன்ன ஆமாவை நம்பி உக்காந்திருப்பீங்களா, சார்?"