கச்சேரிக் கதவு

வேங்கைக்குளம் ஜமீனில் கணக்குப்பிள்ளைகள் மனு வாங்கும் கச்சேரி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. குடியானவர்கள் வாசலில் வெயிலில் காய்ந்தார்கள். ஒருநாள் ஜமீன்தார், இனிமேல் பொழுது விடிந்ததும் கச்சேரி என்று தண்டோரா போடச் சொன்னார். மறுநாள் அவர் குளித்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கச்சேரி காலி. வாசல் காவல்காரன் சங்கிலியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்தாகணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"பிந்தி வந்தா கதவைத் திறக்கமாட்டேன். யாரா இருந்தாலும் சரிதானே, மகாராஜா?"

"யாரா இருந்தாலும்."

விடிந்ததும் சங்கிலி கதவை உள்ளே தாழிட்டான். பிந்தி வந்த கணக்குப்பிள்ளைகள் முணுமுணுத்தபடி வெளியே நின்றார்கள். வெயில் ஏறியபின் பல்லக்கு வந்து இறங்கியது.

"டேய், கதவைத் திற. நான் ஜமீன்தார்."

"இருக்காதுங்க," என்றான் சங்கிலி உள்ளிருந்தபடியே. "எங்க மகாராஜா சொன்ன சொல் தவறமாட்டார். விடியும்போதே வந்திருப்பார். இந்நேரத்துக்கு வந்து நின்னு அவர் பேரைக் கெடுக்காதீங்க."

கணக்குப்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பல்லக்கு திரும்பிப் போனது.

மறுநாள் இருட்டு விலகுமுன்பே சங்கிலி சாவியோடு வந்தான். வாசற்படியில் ஜமீன்தார் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கணக்குப்பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி நின்றார்கள்.

"என்னடா, இவ்வளவு நேரம்?" என்றார் ஜமீன்தார்.