குகைக்குள் மூன்று வாசல்

மாடத்தி என்ற கீரி, பாம்பு கடித்த தன் துணையைப் புற்றுக்குள் கிடத்திவிட்டு, விலையாகக் கொடுக்க மூன்று முட்டைகளோடு நரியின் குகைக்கு ஓடியது. பொழுது சாய்வதற்குள் கீரிப்பூண்டு வேர் கிடைத்தால் ஆண் கீரி பிழைக்கும். அந்தப் பூண்டு முன்பெல்லாம் ஓடைக்கரையில் எல்லோருக்கும் பொதுவாக முளைத்துக் கிடந்தது. நரிதான் ஒன்று விடாமல் பிடுங்கி, பழம், தேனோடு சேர்த்துத் தன் குகையில் குவித்துக்கொண்டு, "வாங்க, எடுங்க, நொடியில் வீடு போய்ச் சேருங்க!" என்று காடெங்கும் ஆள் வைத்துக் கூவிக்கொண்டிருந்தது.

எடுப்பது நொடியில்தான் முடிந்தது. கீரி ஒரு வேரைக் கூடையில் போட்டுக்கொண்டது. வெளியே போகத்தான் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டியிருந்தது.

முதல் வாசலில் மைனா உட்கார்ந்திருந்தது.

"உன் அடையாளக் குரலைக் கொடு! அதில் ஒரு பறவைச் சத்தமும் ஒரு மிருகச் சத்தமும் இருக்கணும். போன தடவை கொடுத்த குரலாக இருக்கக் கூடாது!"

"நான் இப்பத்தானே தாயி முதல் தடவையா வர்றேன்!"

"அப்படியா? அப்போ பழைய குரலை முதலில் சொல்லு. அப்புறம் புதுசு!"

கீரி சீறியது. கூவியது. ஊளைகூட இட்டுப் பார்த்தது. எட்டாவது தடவை மைனா நகர்ந்து வழிவிட்டது.

இரண்டாம் வாசலில் குரங்கு. "எந்த மரத்தில் குடியிருக்கே?"

"மரமில்லை மாமா. ஓடைப்பக்கம் புற்று."

"புற்றுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே! ஆலா, அரசா, புளியா?"

"தரையில கிடக்கிறவளுக்கு எதுக்கு மரம்?"

"மரம் சொல்லாமல் கூடை நகராது!"

கீரி பல்லைக் கடித்துக்கொண்டு, "புளி" என்றது. அந்த நேரத்துக்குள் குரங்கு ஒரு தேனடையைக் கூடைக்குள் நழுவவிட்டது.

"இதை யார் கேட்டது?"

"வேண்டாம்னு நீ சொல்லலையே!"

மூன்றாம் வாசலில் காகம். மூன்று முட்டைகளையும் வாங்கி உடைத்துக் குடித்தது. பிறகு தலையைச் சாய்த்து, "முட்டை வந்து சேரலை. முதல் வாசலிலிருந்து திரும்ப வா!" என்றது.

"உன் மூக்குல மஞ்சக்கரு ஒட்டியிருக்கே அண்ணே!"

"அது எனக்குத் தெரியாது. வரலைன்னா வரலை!" காகம் கூடையைக் கவிழ்த்து வேரையும் பிடுங்கிக்கொண்டது.

கீரி திரும்பி நடந்தது. வழியில் முயலொன்று காதைத் தொங்கப்போட்டு அழுதுகொண்டிருந்தது. "காலையிலிருந்து ஆறு தடவை சுத்திட்டேன் அக்கா. எனக்குத்தான் புத்தி மட்டு."

பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றி மெதுவாகச் சொன்னது: "எனக்குத்தான் மட்டுன்னு நானும் நினைச்சேன். வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு."

கீரி நின்றது. பின்னால் நின்ற மான், காட்டுக்கோழி, உடும்பு எல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தன.

"இத்தனை பேருக்கும் ஒரே நாள்ல புத்தி கெட்டுப்போகுமா? கோளாறு நம்மகிட்ட இல்லை. வாசல்ல இருக்கு!" என்றது கீரி. "யாரும் எடுக்க வேண்டாம், யாரும் கொடுக்க வேண்டாம். வழியை அடைச்சு உட்காருங்க!"

எல்லாம் உட்கார்ந்தன. குகை ஸ்தம்பித்தது. நரி ஓடி வந்து, கீரியின் காதருகே குழைந்தது.

"மாடத்தி, உனக்கு மட்டும் பக்கவழி திறக்கிறேன். வேரை எடுத்துக்கிட்டுப் போ. ஊரார் பாடு உனக்கெதுக்கு?"

சாயங்கால வெயில் மர உச்சிக்கு ஏறிவிட்டது. கீரி எல்லோரையும் பார்த்தது.

"போ புள்ளே! முதல்ல அவனைக் காப்பாத்து. நாங்க எழுந்திருக்க மாட்டோம்!" என்றது முள்ளம்பன்றி.

கீரி வேரைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. நரி சிரித்தது. "காரியம் முடிஞ்சு போனவ எவ திரும்பி வந்திருக்கா! தலைவி போயாச்சு, நீங்களும் கிளம்புங்க!"

யாரும் அசையவில்லை.

புற்றில் கீரி வேரை மென்று துணையின் வாயில் ஊட்டியது. வெகுநேரம் கழித்து ஆண் கீரி கண் திறந்தது. "எங்கே கிளம்பிட்டே?"

"வாசல் இன்னும் அடைச்சுக் கிடக்கு."

மறுநாள் விடிந்தபோது, கூட்டத்தின் முன்வரிசையில் மாடத்தி உட்கார்ந்திருந்தது. நரியின் சிரிப்பு அடங்கியது.

மூன்றாம் நாள் குகைக்குள் பழங்கள் அழுகி நாறின. வருகிறவர்களிடம் வாங்கித் தின்றே பழகிய காகமும் குரங்கும் பசியில் நரியைத் திட்டத் தொடங்கின.

"சரி, ஒரு வாசலை எடுத்துடறேன்!" என்றது நரி, மாடத்தியிடம்.

"மூணையும்!"

"ரெண்டு!"

"மூணையும்! எடுத்தவர் விலையைக் கொடுத்துவிட்டு நேரே வீடு போகணும். கேட்காததைக் கூடையில் போடக் கூடாது!"

நரி முனகிக்கொண்டே தன் கையாலேயே வாசல் தடுப்புகளைப் பிடுங்கிப் போட்டது. முதலில் முயல் வெளியே வந்தது.

தனித்தனியே அலைக்கழிக்கப்படுகிறவர் தம் அறிவையே பழித்துக்கொள்கிறார். ஒன்றாக உட்கார்ந்தவருக்குத்தான் வழியை மறித்தவன் யாரென்று தெரிகிறது.